மறு: ‘அஜெண்டா செட்டிங்’ – பேசுபொருளாக்கம்?

குழுவினருக்கு வணக்கம். நம் ஊடகவியல் கலைச்சொல் பட்டியலில் ‘அஜெண்டா செட்டிங்’குக்கு, அதாவது ஊடகங்கள் அதிக இடம் தருபவற்றையே மக்களும் முக்கியம் என்று கருதுவதற்கு, ‘பேசுபொருளாக்கம்’ என்று நான் முன்மொழிந்தது பற்றி.

கோபி அக்கா எழுதியது:
> ‘நிகழ்ச்சி நிரல் அமைத்தல்’ என்று மாணவர்கள் எழுதிப் பழகிவிட்டார்கள். புதிதாக எதற்கு?

அக்கா, நிகழ்ச்சி நிரல் என்றதும் எங்கள் ஈரோட்டில் நினைவுக்கு வருவது சங்கப் பொதுக்குழு அழைப்பிதழ்தான்: இறைவணக்கம், வரவேற்புரை, வரவு செலவு, நன்றியுரை. அமெரிக்க ஊடக ஆய்வாளர்கள் மேக்ஸ்வெல் மெக்கோம்ஸும் டொனால்ட் ஷாவும் கண்டது வேறு. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, சேப்பல் ஹில் ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவ்வூர் மக்கள் பார்த்த பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தன என்பதையும் கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1972இல் வெளியான அந்தக் கட்டுரைதான் இந்தக் கோட்பாட்டுக்குப் பெயர் தந்தது.

இதை நம் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே பார்க்கலாம். மாலைப் பத்திரிகையின் தலைப்புச் செய்திப் போஸ்டரைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். பத்திரிகை வாங்குபவர் சிலர். போஸ்டரைப் படித்துவிட்டுப் பக்கத்துப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்து அதையே பேசுபவர் பலர். ஒருவர் ஆதரிப்பார், ஒருவர் திட்டுவார். பேச்சு மட்டும் அந்தப் போஸ்டரை விட்டு நகராது. ‘பேசுபொருளானது’ என்று பத்திரிகைகளே தினமும் எழுதுகின்றன. அதிலிருந்து ‘பேசுபொருளாக்கம்’ இயல்பாகவே வந்துவிடுகிறது.

இதே சொல்லுக்குப் பொள்ளாச்சி ஐயா சொன்ன ‘கருத்துத் திணிப்பு’ எனக்கு உடன்பாடில்லை. எதை நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் தோற்கலாம், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதில் வெல்கின்றன என்று அமெரிக்க அரசியல் ஆய்வாளர் பெர்னார்ட் கோஹன் 1963லேயே எழுதிவிட்டார். ‘திணிப்பு’ என்றால் அந்த வேறுபாடே அழிந்துபோகும்.

இன்னொன்று. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் அவர்களிடையே பீதி கிளம்பியதை ஐயா எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். அது வதந்தி. ‘பொய்’ என்று காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. பேசுபொருளாக்கத்தில் மறுக்க எதுவும் இருக்காது; வந்த செய்தி ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். எது எத்தனை நாள் முதல் பக்கத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி. ஆகவே கெட்ட நோக்கத்தைச் சுமத்தும் சொல் இங்கே வேண்டாம்.

அடுத்து ‘பிரைமிங்’, அதாவது முன்பு பார்த்தது பின்னர் நாம் எடுக்கும் முடிவைச் சாய்ப்பது பற்றி: உளவியலார் ‘முன்தூண்டல்’ என்பதை வைத்துக்கொள்ளட்டும். ஊடக ஆய்வுக்கு ‘அளவுகோலாக்கம்’ என்று முன்மொழிகிறேன். அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் ஷாந்தோ ஐயங்காரும் டொனால்ட் கிண்டரும் 1980களில் செய்த சோதனைகளில், பாதுகாப்புத் துறைச் செய்திகளை அதிகம் பார்த்தவர்கள் அதிபரையும் பாதுகாப்புத் துறையை வைத்தே மதிப்பிட்டார்கள். சேப்பல் ஹில் ஆய்வு ஒப்புமையை மட்டுமே காட்டியது. காரணத்தைச் சோதித்தவர்கள் இவர்கள். தேர்தலுக்கு முந்தைய மாதம் முழுக்க நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு செய்தியானால் சட்டமன்ற உறுப்பினரை நொய்யலை வைத்து எடைபோடுவோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் செய்தியானால் குளம் நிரம்பியதா என்று பார்ப்போம். ஆள் அதே ஆள்தான்.

ஒரு செய்தியை எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதைக் குறிக்கும் ‘ஃபிரேமிங்’குக்குச் சட்டகமிடல் போதும். தச்சு வாசம் அடித்தாலும் பரவாயில்லை.

– ஈரோட்டிலிருந்து

*

மறு: மறு:

பேசுபொருளாக்கம் சரி தம்பி, ஏற்கிறேன். அளவுகோலாக்கத்தை இப்போதைக்கு ஏற்க முடியாது. அதிபரை மதிப்பிடும் சோதனைக்குப் பொருந்துகிறது. விளம்பரம் பார்த்தபின் கடையில் கை எதற்கு நீளுகிறது என்று ஆராய்பவரும் பிரைமிங் என்றுதானே எழுதுகிறார்? அங்கே அளவுகோல் எது? அதற்கு விடை சொல்லுங்கள், பட்டியலில் சேர்க்கிறேன்.

– கோபி