கடலில் இறங்குவதா வேண்டாமா: முடிவு யார் கையில்?

செந்தில், கோவை:
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய கோவா 70.3 ட்ரையத்லான் போட்டிக்கு நம் பக்கத்திலிருந்து இந்த முறையும் பலர் போகிறார்கள். கடலில் 1.9 கி.மீ. நீந்த வேண்டும். நீச்சல் குளத்தைத் தாண்டாதவர்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் ஏதாவது ஆகிவிட்டால் நடத்துகிறவர்களைத் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், இறங்குகிறவருக்குத்தான் முதல் பொறுப்பு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லானில் இறந்தவர்கள், இதயம் நின்று விழுந்தவர்கள் மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நடந்தது. உடற்கூறாய்வு விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கிறது. சைக்கிளுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்க மட்டும் யோசிக்கிறோம்.

மீரா, தூத்துக்குடி:
பரிசோதனை வேண்டாம் என்று யார் சொன்னது அண்ணா? ஆனால் அயர்லாந்தில் நடந்ததையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில், புயல் கடந்த கையோடு, கார்க் பகுதியின் யோல் கடற்கரையில் நீச்சல் தூரத்தைக் குறைத்துப் போட்டியை நடத்தினார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். கடல் மோசமாக இருக்கிறது, அனுமதி தர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டோம் என்றது அந்நாட்டு ட்ரையத்லான் சங்கம். நீச்சல் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள் என்றார்கள் நடத்தியவர்கள். கரையில் நின்ற போட்டியாளருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

செந்தில், கோவை:
அலை கண்ணுக்குத் தெரியுமே. திரும்பிப் போக யாரும் தடை சொல்லவில்லையே.

மீரா, தூத்துக்குடி:
எங்கள் அப்பா மீன்பிடிக்கிறவர். கடல் சரியில்லை என்றால் வலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் பக்கத்தில் நின்று மைக்கில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆளில்லை. ஒரு வருடம் பயிற்சி செய்து, பணம் கட்டி, குடும்பத்தையும் கூட்டிவந்து நிற்கிறவருக்கு அந்த நிமிடத்தில் தெளிவாக யோசிக்க வராது. அதனால்தான் நிறுத்தும் பொறுப்பு நடத்துகிறவருக்கு என்கிறேன்.

கயாக் பாலா:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு சின்னப் போட்டியில் நீந்துகிறவர்களின் பாதுகாப்புக்காகக் கயாக் என்ற சிறிய துடுப்புப் படகில் இருந்தேன். 200 மீட்டர்கூடத் தாண்டியிருக்காது, ஒருவர் வந்து கயாக்கின் முனையைப் பிடித்தார். விரல்கள் வெளுத்திருந்தன. மூச்சு சீராகவில்லை, ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "பிடித்தால் டிஸ்குவாலிஃபை ஆகிவிடுமா?" ஆகாது. அதைப் பிடித்தபடி முன்னேறாமல் இருந்தால் போதும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம். காலைக் கூட்டத்தில் சைக்கிள் ரேக் பற்றி இருபது நிமிடம் பேசியவர்கள் இதை ஒரு வரி சொல்லவில்லை.

செந்தில், கோவை:
விதிமுறையைப் படிக்காமல் வந்தது அவர் தவறுதானே பாலா?

கயாக் பாலா:
தவறுதான். ஆனால் படிக்காதவருக்கும் மூச்சு முட்டும். நான் சொல்லியிருக்காவிட்டால் கையை எடுத்துவிட்டு நீந்தப் போயிருப்பார்.

செந்தில், கோவை:
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் இதயப் பரிசோதனையை நடத்துகிறவர் தலையில் கட்ட முடியாது, அதில் நான் மாறமாட்டேன்.

மீரா, தூத்துக்குடி:
மாற வேண்டாம் அண்ணா. எக்கோ எடுத்துவிட்டே போங்கள். அப்புறம், எத்தனை கயாக், கடல் மோசமானால் நீச்சலை ரத்து செய்வது யார் என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள்.