சிங்கப்பூர் - நியூயார்க், அம்மாவுக்கு எந்த விமானம் சரி?

வணக்கம். அம்மாவை நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கையிடம் அனுப்ப வேண்டும், பேறுகாலத்துக்கு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டிவலி வேறு. சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் இருக்கிறது. ஏறக்குறைய 15,300 கிமீ, 19 மணி நேரம் நெருங்கும். அதில் எகானமி கிடையாது, பிரீமியம் எகானமியிலிருந்துதான் ஆரம்பம், அதனால் விலை கையைக் கடிக்கிறது. இன்னொன்று பிராங்க்ஃபர்ட் வழியாகப் போவது. அங்கே நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் ஓடிவிடும், ஆனால் நடுவில் இறங்கிக் கொஞ்சம் காலை நீட்டலாம், எகானமியும் உண்டு.

அப்புறம் ஒரு சந்தேகம். பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பெரும்பாலான நாட்களில் பசிபிக் பெருங்கடல் மேலேதான் போகிறது, பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்காக. அப்படியென்றால் தூரம் கூடினாலும் நேரம் குறையுமா? குளிர்காலத்தில் எப்படி?

வயதானவர்களை இந்த நேரடி விமானத்தில் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கால் வீக்கம் வந்ததா, உள்ளே எழுந்து நடக்க இடம் இருக்கிறதா? பிராங்க்ஃபர்ட்டில் சக்கர நாற்காலிக்காரர் கடைசி வரை கூடவே வருவாரா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு வேண்டியது போய் வந்தவர்களின் அனுபவம். இந்த வாரத்துக்குள் டிக்கெட் போட வேண்டும்.