புதுப்பிப்பு: பள்ளிக்கூடம் விட்டபிறகு வவுனியா அருங்காட்சியகம், போய்ப் பார்த்திட்டோம்

மறுமொழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் ஒரு பாடமாப் படிக்கிறாள். கிளிநொச்சியில இருந்து பள்ளிக்கூடம் விட்டு வெளிக்கிட்டால், வவுனியா தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பின்னேரம் பார்க்கேலுமோ எண்டு கேட்டிருந்தன்.

ஏலும், ஆனால் மட்டுமட்டு. சனிக்கிழமை போகச் சொன்ன ஆக்களும் இருந்தினம். அவளுக்கு அண்டைக்கு ரியூசன். "சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நேரே பஸ் ஏறுங்கோ, முதல்ல சுடுமண் உருவங்களைப் பாருங்கோ" எண்டு வவுனியா அக்கா ஒராள் சொன்னதுதான் கைகொடுத்தது. ஏ9 வீதியால போய் மூண்டரைக்கு உள்ளே நிண்டம். நாலரைக்குப் பூட்டுவினம். செவ்வாய்க்கிழமை திறக்கிறேல்ல, அதையும் பார்த்துப் போங்கோ.

நான் எதிர்பாராதது, அந்தச் சுடுமண் உருவங்கள் எங்கட கிளிநொச்சிப் பக்கம் எடுத்தவை எண்டது. ரெண்டு விரலால கிள்ளி மூக்கு வைச்ச மாதிரி ஒடுங்கின முகங்கள். மகள் ஒண்டுக்கு முன்னாலேயே இருவது நிமிசம் நிண்டு பென்சிலால கீறினாள். நடு மண்டபத்தில 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையான புத்தர் சிலைகள் இருக்கு. அதுகளை அவசரமாத்தான் பார்த்தம். அதுக்கெண்டே இன்னொருக்கால் போகவேணும்.

திரும்பி வரேக்க பஸ்ஸில இருக்க இடமில்லை. வீட்ட வந்ததும் வராததுமா அவள் கிணத்தடிக் களிமண்ணை எடுத்து மூக்குக் கிள்ளிப் பார்த்தாள்.