80-லேயே நிறுத்தினா பேட்டரி தாங்குமா?

மன்னார்குடி பக்கம் விவசாயம். மும்முனை கரண்டுக்காக ராத்திரி மோட்டார் கொட்டகையில படுப்பேன், போன் விடியவிடிய சார்ஜர்லயே கிடக்கும். ரெண்டே வருஷம், பேட்டரி உப்பி பின்மூடி வாயைப் பொளந்துடுச்சு. புதுப் போன்ல சார்ஜ் 80%-லேயே நிக்கிற மாதிரி வரம்பு இருக்கு. போடலாமா?

— போடுங்கண்ணே. போன்ல இருக்கிற லித்தியம் அயான் பேட்டரி 100-லயே நின்னா வோல்டேஜ் உச்சத்துல இருக்கும், உள்ளே சீக்கிரம் கெடும். அதைவிட எமன் சூடு. கொட்டகை தகரக் கூரைதானே?

— தகரமேதான் தம்பி.

— புயல்னா மட்டும் 100 ஏத்திடுங்க. 2018 கஜாவுக்கு வேதாரண்யத்துல நாங்க வாரக்கணக்கா இருட்டுல கிடந்தோம்.

— அந்த உப்பின பேட்டரி எங்கண்ணே? குத்திடாதீங்க, தீப்பிடிக்கும்.

— நெல் அளக்குற மரக்காலுக்குள்ள கிடக்கு. இப்பவே வெளியே எடுத்து வைக்கிறேன்.