பூ மண்டி கணக்கு: ஒன்றை மாற்றினால் நான்கும் உடைகிறது

திருமங்கலத்தான்:
வணக்கம். மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவருக்காக ஒரு கணக்கு புரோகிராம் எழுதினேன். எடை, விலை, கமிஷன் கழிவு, சிட்டை என்று கடையில் வேலை நடக்கிற வரிசையிலேயே நான்கு ஃபைல். போன மாதம் எடையைக் கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றினேன். எடை ஃபைலை மட்டும் தொட்டால் போதும் என்று நினைத்தேன், நான்குமே உடைந்தது. ஒரு விவசாயிக்குச் சிட்டையில் தொகை குறைந்து, மனுஷன் மறுபடி பஸ் ஏறி வந்து கேட்டார். மாமா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்கே தப்பு?

தெப்பக்குளம் வாத்தியார்:
தம்பி, வேலை வரிசைப்படி பிரித்தாயே, அங்கேதான். டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் 1972 டிசம்பரில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' என்ற கணினி இதழில் எழுதிய கட்டுரை முழுக்க உன் பிரச்சினைதான். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்தில் வருடா வருடம் அதைக் கரும்பலகையில் போட்டு விளக்கியிருக்கிறேன்.

அவருடைய உதாரணம் ஒரு சொல்லடைவு. வரியின் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் போட்டுக்கொண்டே வர வேண்டும். 'மதுரை மல்லிகை விலை' என்பது 'மல்லிகை விலை மதுரை' ஆகும், அப்புறம் 'விலை மதுரை மல்லிகை'. எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டால் எந்தச் சொல்லைப் பிடித்தும் வரியைத் தேடலாம்.

இதை அவர் இரண்டு விதமாகப் பிரித்தார். முதல் விதம் உன்னுடையதேதான்: வாங்கு, சுழற்று, அடுக்கு, அச்சடி. இதில் வரிகள் மெமரியில் எப்படிக் கிடக்கின்றன என்பது எல்லாப் பகுதிக்கும் தெரிந்தாக வேண்டும். அது மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இரண்டாவது விதத்தில், வரியை வைத்துக்கொள்வது ஒரே பகுதியின் பொறுப்பு. மற்றவை உள்ளே எட்டிப்பார்க்காது. 'இந்த வரியில், இந்தச் சொல்லில், இந்த எழுத்தைக் கொடு' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வருகிற அடைவு இரண்டிலும் ஒன்றுதான்.

உன் கடையில் எது மாறும் என்று மாமாவிடம் உட்கார்ந்து கேள். எடை அலகு, கமிஷன் விகிதம், சிட்டையின் அமைப்பு, முகூர்த்த நாளில் மணிக்கு மணி ஏறும் மல்லிகை விலை. மாறுகிற ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலுக்குள் பூட்டிவிடு.

செல்லூர்க்காரி:
சார், எதற்கெடுத்தாலும் இன்னொரு பகுதியின் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கினால் வேகம் குறையாதா?

தெப்பக்குளம் வாத்தியார்:
நல்ல கேள்வி அம்மா. பார்னஸே அந்தக் கட்டுரையில் அதை ஒப்புக்கொள்கிறார்: சாதாரண முறையில் எழுதினால் இரண்டாவது விதம் மெதுவாகத்தான் ஓடும். 1972 கணினிக்கு அது பெரிய பாரம். ஒரு பூக்கடையின் விடியற்காலைச் சிட்டைகளுக்கு இன்றைக்கு அது தெரியவே தெரியாது.

திருமங்கலத்தான்:
ஐயா, எடையை மட்டும் முதலில் பிரித்துவிட்டேன். இப்போது அது கிராமா கிலோவா என்று சிட்டைக்குத் தெரியாது. விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தைப் பிடிப்பது கமிஷன் ஃபைலிலேயே இருக்கட்டுமா?

தெப்பக்குளம் வாத்தியார்:
வேண்டாம். கமிஷன் எல்லோருக்கும் ஒரு கணக்கு, முன்பணம் ஆளுக்கொரு பேச்சு. தனியாக வை.