பூனைத் தட்டைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் போடலாமா?

மாடித்தோட்டம்:
எங்கள் காம்பவுண்டில் நாலு பூனைகள். யாரும் வளர்ப்பதில்லை, இரண்டு வருஷமாக நான்தான் சாப்பாடு வைக்கிறேன். உப்பு, காரம் போடாமல் வேகவைத்த மத்தியை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். பத்து நிமிஷத்தில் தட்டைச் சுற்றிச் சிவப்பாக எறும்பு மொய்த்துவிடுகிறது. நேற்று வெள்ளைக் குட்டி வாய் வைத்த வேகத்தில் தலையை உதறிக்கொண்டு ஓடியது. பிடித்துப் பார்த்தால் கீழ் உதட்டில் இரண்டு சுள்ளெறும்பு கவ்விக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அண்ணன் எறும்பு சாக்பீஸ் கொடுத்திருக்கிறார். கோடு போடலாமா?

ராயபுரம்வாசி:
தாராளமா போடுங்க மேடம். எங்க வீட்ல பத்து வருஷமா சமையல் மேடை ஓரத்துல போடறோம், ஒருத்தருக்கும் எதுவும் ஆனதில்ல. தட்டுல மீன் இருக்கும்போது பூனை எதுக்கு வந்து கோட்டை நக்கப்போகுது?

தாமிரபரணி:
கோட்டை நக்காது சார், பாதத்தை நக்கும். கோட்டை மிதித்துக்கொண்டுதான் தட்டுக்கு வரும். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து நாலு காலையும் நக்கிச் சுத்தம் பண்ணும். பாதத்தில் ஒட்டிய பொடி அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும்.

அந்தச் சாக்பீஸில் இருப்பது பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்து. மனுஷனும் நாயும் அதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தை, விவரம் தெரியாமல் வாசல் பூனை கறுப்பியின் பிடரியில் நானே விட்டேன். அன்று சாயங்காலம் காது துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் எச்சில் ஒழுகியது, பின்னங்கால் வெடவெடவென்று நடுங்கியது. டாக்டர் வீட்டில் இரண்டு ராத்திரி ட்ரிப்ஸ் ஏற்றித்தான் பிழைத்தது. இன்றைக்கும் அதன் பிடரியைத் தொடும்போது கை கூசுகிறது.

ராயபுரம்வாசி:
கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அந்தச் சொட்டு மருந்தோட வீரியம் வேற, சாக்பீஸோட வீரியம் வேற. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க. எறும்பு கடிச்சுக் குட்டி பட்டினி கிடக்கறதும் பாவம்தானே?

தாமிரபரணி:
வீரியம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது தினமும் இரண்டு வேளை மிதிக்கிற இடம், அதிலும் குட்டி. மருந்தே இல்லாமல் வழி இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள் இல்லையா, அதேதான். அகலமான தாம்பாளத்தில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். சுற்றி ஒரு விரல் உயரம் தண்ணீர். தட்டு விளிம்புக்கும் தாம்பாள விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஒரு வேப்பிலை விழுந்தாலும் எறும்புக்குப் பாலமாகிவிடும், பார்த்து எடுத்துவிடுங்கள்.

மீன்காரத்தெரு:
நானும் அப்படித்தான் வைக்கிறேன். இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் எறும்பு மிதக்காமல் மூழ்கிவிடும்.

தாமிரபரணி:
சோப்பு வேண்டாம் அக்கா. வெயில் நாளில் பூனை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

கொல்லைப்புறம்:
எனக்குத் தண்ணீர்த் தாம்பாளமே சரியாகப் படவில்லை. ஐப்பசி மழைக்கு அப்புறம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் டெங்குவில் படுத்தார்கள். ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும்.

தட்டை எதற்கு நாளெல்லாம் வெளியே வைக்க வேண்டும்? காலையில் ஏழு மணிக்கு வையுங்கள், அரை மணியில் எடுத்துவிடுங்கள். பூனைகளுக்கு நேரம் நாலே நாளில் பழகிவிடும். அப்புறம் அந்தத் தரையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு எறும்பு விட்டுப்போன வாடையைப் பிடித்துத்தான் மற்றவை சாரையாக வருகின்றன. வாடை போனால் சாரை குலையும்.

மாடித்தோட்டம்:
மூன்று பூனைக்கு அது சரிப்படும். நாலாவது குட்டிகளோட தாய். ஆள் நடமாட்டம் இருந்தால் வரவே வராது, ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வந்து சாப்பிடும். அதற்கு எப்படி நேரம் பழக்குவது?

கொல்லைப்புறம்:
அப்படியென்றால் அந்த ஒரு தட்டுக்கு மட்டும் தாம்பாளம் வையுங்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி, விடிந்ததும் கொட்டி, விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. முடியும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ராயபுரம்வாசி:
மஞ்சப்பொடி தூவலாமா?

மீன்காரத்தெரு:
தூவிப் பார்த்தேன் தம்பி. பனி இறங்கினதும் சேறாகி, எறும்பு அதன் மேலேயே நடந்து போனது.

மாடித்தோட்டம்:
சாக்பீஸை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று பரணில் கிடந்தது. நேற்று ராத்திரி வைத்தேன். காலையில் தட்டு சுத்தமாகக் காலி, தண்ணீரில் ஏழெட்டு எறும்பு செத்து மிதந்தது. தாம்பாள விளிம்பில் மீன் வாடையோடு ஈரப் பாதத் தடம். கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன்.