ஸ்டார் பாயிண்டை யாராவது எர்த் செய்தீர்களா?

மில் எலக்ட்ரீஷியன்:
கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 11 கேவி (11,000 வோல்ட்) கெப்பாசிட்டர் பேங்கின், அதாவது சார்ஜைத் தேக்கும் கேன்களின் தொகுப்பின், வருடாந்திரப் பராமரிப்பு. பிரேக்கரை ராக்-அவுட் செய்து (இணைப்பிலிருந்து வெளியே இழுத்து), சார்ஜ் வடியக் கதவில் எழுதியிருந்த 10 நிமிடத்துக்குப் பதில் 20 நிமிடம் காத்திருந்தே பேனலைத் திறந்தோம். ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ்களில் ஆர், ஒய் இரண்டிலும் எர்த் கிளாம்ப் (தரையோடு இணைக்கும் பிடி) மாட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. பி பேஸும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிய அப்ரண்டிஸ் பையன், துடைக்கும் துணியோடு கையை உள்ளே நீட்டிவிட்டான். அவன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டு டிஸ்சார்ஜ் ராடை வைத்தேன். நீலப் பொறியோடு வெடித்தது, ராடின் முனையில் மிளகளவு குழி விழுந்தது. அந்த பேஸின் ஒரே கேனுக்குள் சார்ஜை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்ததை மறுநாள் அளந்தபோதுதான் அறிந்தோம். ரெசிஸ்டர் நன்றாக இருந்தால்தானே அந்த 10 நிமிடக் கணக்கு செல்லும்?

கேபிள் ஜாயிண்டர்:
அண்ணன் ஒருமுறை தொட்டதோடு விட்டிருந்தால் அதுவும் தவறுதான். பழைய காகித இன்சுலேஷன் கேபிளுக்கு டிசி ஹைபாட் டெஸ்ட் (உயர் டிசி வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்பது) முடித்து, பொறி அடங்கும்வரை எர்த் செய்து, பிறகு எர்த்தை எடுத்துவிட்டோம். டீ குடித்துவிட்டு வந்து கேபிள் முனை லக்கைத் தொட்டேன். ஸ்பேனர் குழிக்கு வெளியே போய் விழுந்தது. இன்சுலேஷனுக்குள் ஊறியிருந்த சார்ஜ் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. டெஸ்ட் ஓடிய நேரத்துக்குக் குறையாமல் எர்த் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர், இணைப்பு முடியும்வரை எடுக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

துணைமின்நிலையம், பணி ஓய்வு:
இருவரும் எர்த் செய்ததைச் சொல்கிறீர்கள், எங்கே செய்தீர்கள் என்பதைச் சொல்லவில்லை. மில் பேங்க் எர்த் இல்லாத ஸ்டார் என்றால், அதாவது மூன்று கேன்களும் ஒன்றுசேரும் ஸ்டார் பாயிண்ட் எர்த்தோடு இணையாதது என்றால், மூன்று பேஸையும் எர்த் செய்தபோது பி கேனில் இருந்த சார்ஜ் தீர்ந்துபோகாது. மற்ற இரு கேன்களோடும் பங்கு போட்டுக்கொள்ளும். உச்சத்தில் 9 கிலோவோல்ட் தேங்கியிருந்தால், அந்த நொடியில் ஸ்டார் பாயிண்டில் 3 கிலோவோல்ட் நிற்கும். அதையும் எர்த் செய்தீர்களா?

என் அனுபவம் சிறியது. லைன் கிளியர் (லைனை அணைத்து வேலை செய்யும் அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து, கம்பத்தில் இருந்தோம். தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்த கல்யாண மண்டபத்தில் யாரோ ஜெனரேட்டரை ஓட்டினார்கள். 433 வோல்ட் பக்கம் கொடுத்தது 11 கேவியாகத் திரும்பி வர, எங்கள் எர்த் ஒயர் ஒருமுறை துள்ளியது, ஜெனரேட்டர் திணறி நின்றது. அந்தத் துள்ளலை மறக்க முடியவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்: வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் எர்த் வேண்டும், ஏனெனில் மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை ஏபி ஸ்விட்ச் சொல்லாது. மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டிடெக்டரை உயிருள்ள (மின்சாரம் ஓடும்) இடத்தில் சோதித்து, லைனில் பார்த்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் சோதியுங்கள். பேட்டரி தீர்ந்த டிடெக்டரும் மௌனமாகத்தான் இருக்கும். கிளாம்பை முதலில் எர்த்தில் மாட்டி, பிறகுதான் ராடு கொண்டு லைனில் மாட்ட வேண்டும்; கழற்றும்போது லைன் முதலில். பல ஆயிரம் ஆம்பியர் பாயக்கூடிய இடத்தில் வீட்டு ஒயரைக் கட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மில் எலக்ட்ரீஷியன்:
ஸ்டார் பாயிண்டை எர்த் செய்யவில்லை, ஐயா. கிளாம்ப் மாட்டியதும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கப் போனேன், வரக் கால் மணி நேரமாயிற்று. நல்ல நிலையில் இருந்த மற்ற இரண்டு ரெசிஸ்டர்கள் அதற்குள் வடித்திருக்க வேண்டும். அதன் பிறகு பையன் முதலில் துடைத்தது அந்த ஸ்டார் பஸ்பாரைத்தான்.